நீருக்கடியில் எதுவும் தொங்கக் கூடாது: பழைய சைக்கிள் டியூபால் ஸ்கூபா கருவிகளைக் கட்டும் முறை

மன்னார் வளைகுடாவில் 11 மீட்டர் ஆழத்தில் ஒரு பாறைத் திட்டின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்திய மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கலாம் என்றால் உடம்பு திரும்பவில்லை. கூட வந்தவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, கத்தியை உருவினார். சிலிண்டரில் மீதிக் காற்று எவ்வளவு என்று காட்டும் என் பிரஷர் கேஜின் குழாய் வயிற்றுக்குக் கீழே தொங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பாறையில் சுற்றிக் கிடந்த பழைய வலைத் துண்டு ஒன்று அதைப் பிடித்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் அறுத்து விடுவித்துவிட்டார், சேதம் எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் நான் இழுத்த மூச்சுக்கு எவ்வளவு காற்று போனது என்று மேலே வந்து கேஜைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கரையில் விஷயத்தைச் சொன்னதும் படகு ஓட்டிய அண்ணன் கேட்டார், “அந்தக் குழாயை ஒரு டியூபு போட்டுக் கட்டியிருக்கலாம்லா தம்பி?” அவர் படகைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் கேன், தண்ணீர்க் குடம், மிதவைக் கட்டு எல்லாமே கறுப்பு சைக்கிள் டியூப் பட்டையால்தான் கட்டியிருந்தது. நம் ஊரில் சைக்கிள் கேரியரில் கருப்பட்டிப் பெட்டியையும் வாழையிலைக் கட்டையும் டியூப் போட்டு இழுத்துக் கட்டித்தானே கொண்டுபோகிறோம். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

அப்புறம் தேடிப் படித்தபோது, ஃபுளோரிடாவின் நீர் நிறைந்த குகைகளுக்குள் போகிறவர்கள் இதே வேலையை ரொம்ப காலமாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கே வில்லியம் ஹோகார்த் மெயின் என்ற குகை நீர்மூழ்கியின் பெயரால் ‘ஹோகார்த்தியன்’ என்று ஒரு முறையே இருக்கிறது. தேவையில்லாததைக் கொண்டுபோகாதே, கொண்டுபோவது எதுவும் தொங்கக் கூடாது, ஒவ்வொன்றும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நம் பனையேறிகள் இதை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பாளை அரிவாளைக் கையில் பிடித்துக்கொண்டா ஏறுகிறார்கள்? இடுப்பில் அருவாப்பெட்டி, அதற்குள் அரிவாள், பார்க்காமலே கை அங்கே போகும்.

இங்கே நான் எழுதுவது முறையாக ஸ்கூபா பயிற்சி முடித்து, சொந்தக் கருவி ஓரளவு வைத்திருக்கிறவர்களுக்கு. வாடகைக் கருவியில் செய்வதாக இருந்தால் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

முதலில் டியூப். பஞ்சர் ஒட்டுகிற எந்தச் சைக்கிள் கடையிலும் மூலையில் ஒரு குவியல் கிடக்கும். திசையன்விளையில் நான் வாடிக்கையாகப் போகிற கடை அண்ணாச்சி, “எதுக்குடே இம்புட்டு டியூபு, உண்டிவில்லு செய்யப் போறியா?” என்று கேட்டுவிட்டு, விவரம் சொன்னதும் தானே உட்கார்ந்து நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தார். ஒட்டுப் போட்டுப் போட்டு இனி ஒட்ட இடமில்லை என்று தூக்கிப் போட்டது நமக்குத் தாராளமாகப் போதும், ஒட்டு இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடலாம். ஆனால் வெயிலில் கிடந்து வெடிப்பு விட்டது, கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது, எண்ணெயோ கிரீஸோ ஊறியது, இவை வேண்டாம்.

டியூபில் இரண்டு ஜாதி உண்டு, இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒன்று இயற்கை ரப்பர், இன்னொன்று பியூட்டைல். பியூட்டைல் என்பது 1937இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கண்டுபிடித்த செயற்கை ரப்பர். காற்று இதன் வழியாக லேசில் கசியாது, டியூபுக்கு இது வந்ததற்குக் காரணமே அதுதான். நமக்கு வேண்டிய குணம் வேறு: வெயிலையும் ஓசோனையும் இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். இயற்கை ரப்பர் இழுத்த நிலையிலேயே நாள்கணக்கில் இருந்தால், காற்றில் இருக்கும் கொஞ்சூண்டு ஓசோன் அதன் மேல் குறுக்குக் குறுக்காக வெடிப்பு விட வைத்துவிடும். பல டியூபில் பியூட்டைல் என்று அச்சிட்டே இருக்கும். எழுத்து அழிந்திருந்தால் ஒரு துண்டை இழுத்து விட்டுப் பாருங்கள். இயற்கை ரப்பர் சுள்ளென்று திரும்பும், பியூட்டைல் கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டால் கை மறக்காது. இரண்டுமே வேலைக்கு ஆகும், இயற்கை ரப்பர் என்றால் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெட்டிவிடாதீர்கள். காற்றடிக்கும் மவுத்துப் பக்கமாக ஒரு வெட்டு வெட்டி டியூபை நீளமாக்கி, உள்ளே தண்ணீர் விட்டு நன்றாக அலசுங்கள். டியூபுக்குள் ஒட்டாமலிருக்க வெள்ளைத் தூள் போட்டிருப்பார்கள். அது மூச்சுக் காற்றைத் தரும் ரெகுலேட்டருக்குள் போனால் வேலையைக் கெடுக்கும். துணி துவைக்கிற சோப்புத்தூள் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் துடைக்கவே கூடாது, பியூட்டைல் அதைக் குடித்து உப்பிவிடும். நிழலில் காயப் போடுங்கள்.

இனி வெட்டு. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் டியூப், அதாவது 28 அங்குலச் சக்கரத்துடையது, விரித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். மவுத்து இருக்கும் இடத்தையும், டியூபின் இரு முனையையும் தொழிற்சாலையில் சேர்த்து ஒட்டிய இடத்தையும் தள்ளிவிடுங்கள். அந்த ஒட்டு கொஞ்சம் தடிப்பாக ஒரு கோடு மாதிரித் தெரியும், வளையமாக வெட்டினால் அந்த இடத்தில்தான் முதலில் பிரியும். மீதியில் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் எழுபது வளையத்துக்குக் குறையாமல் கிடைக்கும். ஒரே ஒரு டியூபில் இரண்டு மூன்று பேருடைய கருவிக்கு ஆகிவிடும்.

கத்தரிக்கோல் நல்ல கூராக இருக்க வேண்டும், ஒரே அழுத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். கடித்துக் கடித்து வெட்டினால் ஓரத்தில் பல் பல்லாக நிற்கும், இழுக்கும்போது கிழிசல் அந்தப் பல்லிலிருந்துதான் தொடங்கும். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் வேண்டாம். நான் பலகை மேல் டியூபைத் தட்டையாக வைத்து, ஒரு இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் ஒரே இழுப்பு இழுக்கிறேன். வெட்டியதும் ஒவ்வொரு வளையத்தையும் மூன்று மடங்கு இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் சின்ன வெட்டுத் தெரிந்தாலும் அது குப்பைக்கு. சில வளையங்களுக்கு ஒரு பக்க மடிப்பில் மட்டும் இன்னும் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டு, காது மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கடியில் விரலால் பிடித்து இழுக்க அந்தக் காது இருந்தால் ரொம்ப வசதி.

அளவுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கட்டப்போகிற பொருளைச் சுற்றி ஒரு நூல் போட்டு அளந்துகொள்வேன், வளையத்தின் சுற்றளவு அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பிடி சரியாக இருக்கும். தட்டையாக வைத்த டியூபின் அகலத்தை இரண்டால் பெருக்கினால் வளையத்தின் சுற்றளவு. உதாரணமாக, சிலிண்டரை முதுகில் சுமக்க மாட்டும் ஹார்னஸின் பட்டை 5 சென்டிமீட்டர் அகலம், அதன் மேல் ஒரு சின்ன டார்ச், இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் 14 சென்டிமீட்டர் போல வரும். பெரிய சைக்கிள் டியூப் தட்டையாக நாலரை, ஐந்து சென்டிமீட்டருக்குப் பக்கம் இருக்கும், வளையம் 9 அல்லது 10. பொருத்தம் சரி. பிள்ளைகள் சைக்கிள் டியூபில் ஒல்லியாக இருப்பதும் உண்டு, அது கத்தி, ஸ்நார்கல் மாதிரிச் சன்னமானவற்றுக்கு ஆகும்.

சரி, எதை எங்கே கட்டுவது?

தொங்கிய குழாய்தான் என்னை மாட்டிவிட்டது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பிரஷர் கேஜின் முனையில் ஒரு ஸ்நாப் கொக்கி போட்டு இடது இடுப்புப் பட்டையிலுள்ள டி-ரிங்கில், அதாவது D வடிவ உலோக வளையத்தில், மாட்டிக்கொள்வது வழக்கம். கொக்கியைக் கேஜோடு பிணைக்க டியூபிலிருந்து ஒரு விரல்கடை அகலத்துக்கு வெட்டிய சன்னமான வளையத்தைப் பயன்படுத்துங்கள். வளையத்தைக் கொக்கியின் கண்ணில் நுழைத்து, கேஜுக்குச் சற்று மேலே குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து தன்னுள்ளேயே இழுத்துவிட்டால் இறுகிக்கொள்ளும். இதில் ஒரு பெரிய நன்மை. கொக்கி துருப்பிடித்தோ மணல் ஏறியோ திறக்கவில்லை என்றால், பலமாக ஒரு இழு இழுத்தால் ரப்பர் அறுந்து கேஜ் கைக்கு வந்துவிடும், அறுபடாவிட்டாலும் கத்தி பட்டாலே போதும். உலோக வளையமோ நைலான் டையோ போட்டிருந்தால் அது நடக்காது. இவ்வளவு சொன்ன பிறகும் குழாய் ரொம்ப நீளமாக இருந்து நடுவில் வளைந்து தொங்கினால், இடுப்புப் பட்டையில் இன்னொரு வளையம் போட்டு அதற்குள் குழாயைச் செருகிவிடுங்கள்.

டார்ச். தோள் பட்டையில் மேலே இருக்கும் டி-ரிங்கில் டார்ச்சின் பின்பக்கக் கொக்கியை மாட்டி, டார்ச் உடம்பு பட்டையோடு ஒட்டிக் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, பட்டையில் முன்கூட்டியே ஏற்றி வைத்த இரண்டு வளையங்களுக்குள் செருகுங்கள். இரண்டு வளையம் போதும், மூன்று போட்டால் எடுக்கும்போது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முதலில் மேல்நோக்கி இழுத்து வளையத்திலிருந்து உருவிக்கொண்டு, டார்ச்சை எரிய விட்ட பிறகு கொக்கியைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் டார்ச் கை நழுவிக் கடலடிக்குப் போகும், எனக்கு ஒன்று போயிருக்கிறது.

கத்தியைப் பலர் கணுக்காலில் கட்டுகிறார்கள். சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வலையில் கால் மாட்டினால் அந்தக் காலிலிருக்கும் கத்திக்கு எப்படிக் குனிவது? நான் சின்னக் கத்தியை உறையோடு இடுப்புப் பட்டையில், தொப்புளுக்கு இடது பக்கமாக, இரண்டு அகலமான வளையத்தால் கட்டியிருக்கிறேன். இரண்டு கையாலும் எட்டுகிறது. உறையில் மேலும் கீழும் துளை இருந்தால் வளையம் நழுவாமல் ஒரு நூல் தையல் போட்டுக்கொள்ளலாம்.

பட்டைகளின் நுனிகளை மறந்துவிடாதீர்கள். தோள் பட்டை, இடுப்புப் பட்டை, காலுக்கிடையில் வரும் பட்டை, எல்லாவற்றையும் இழுத்து இறுக்கியதும் ஒரு சாண் மீதி ஆடிக்கொண்டிருக்கும். நாய் வால் மாதிரி ஆடுகிற அந்த நுனியை மடித்து ஒரு வளையத்துக்குள் அடக்குங்கள். அதே பட்டையில் டி-ரிங் இருந்த இடத்தில் நிற்காமல் வழுக்குகிறதா, டி-ரிங்கைப் பிடிக்கும் உலோகச் சட்டத்துக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு தட்டையான டியூப் துண்டைச் செருகிவிட்டால் அசையாது. ஈயக்கட்டிகள் வெயிட் பெல்ட்டில் ஒரு பக்கமாக ஒதுங்குவதற்கும் இதே வைத்தியம்தான்.

மிதவைக் குழல், அதாவது மேலே வரும்போது படகுக்காரருக்கு நாம் இருக்குமிடம் தெரிய ஊதிவிடும் ஆரஞ்சுக் குழல், அதை இறுகச் சுருட்டி இரண்டு வளையம் போட்டால் கைப்பிடி அளவுக்கு வந்துவிடும். இதற்குக் காது வைத்த வளையம்தான். மேலே நீவாடு (நீரோட்டம்) இழுக்கும்போது, ஒரு கையில் கயிறு சுற்றிய ஸ்பூல், ஒரு கையில் குழல் என்று இருக்கையில், இறுகிய வளையத்தை நகத்தால் தோண்டிக்கொண்டிருக்க முடியாது. கழற்றிய வளையத்தைக் கடலில் விட்டுவிடாமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். எழுது பலகையை முன்கையில் கட்டவும் இதே டியூப்தான், ஆனால் அதற்கு வளையமாக இல்லாமல் ஒரு சாண் நீளத் துண்டாகவே வெட்டி, கை மேல் உறை மாதிரி ஏற்றிவிட்டால் பலகை அதற்குள் நழுவாமல் நிற்கும். டியூபின் குறுக்களவு கைக்கு இறுக்கமாக இருந்தால் இதற்கு மோட்டார் சைக்கிள் டியூப் எடுத்துக்கொள்ளுங்கள், விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கம் ஆகாது.

ஏன் ரப்பர், ஏன் கயிறோ வெல்க்ரோவோ இல்லை என்று கேட்டால், 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்ப் பார்த்தால் புரியும். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. நாம் போடும் வெட்சூட் உடையின் நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுக்குமிழிகள் எல்லாம் அமுங்கி, உடை மெலிந்துவிடும். கரையில் இறுக்கமாக இழுத்துக் கட்டிய பட்டை அங்கே லொடலொடவென்று ஆகும். கயிறு அப்படியே நிற்கும், டியூப் மட்டும் கூடவே சுருங்கி இறுக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். மேலே வரும்போது உடை உப்பினால் இதுவும் விரிந்துகொடுக்கும்.

சிலிண்டருக்கு வருவோம். நம் பக்கம் பெரும்பாலும் கிடைப்பது அலுமினியம் 80 என்று சொல்கிற சிலிண்டர்தான். 11.1 லிட்டர் கொள்ளளவு, விட்டம் 184 மில்லிமீட்டர், 207 பார் வரை காற்று அடைக்கலாம். அதில் அடைத்த காற்றின் எடை மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். மூச்சிழுக்க இழுக்க அந்த எடை குறைகிறது, கடைசியில் சிலிண்டர் மிதக்கப் பார்க்கும், அடிப்பக்கம் மேலே தூக்கும். பிசிடியின், அதாவது சிலிண்டரைத் தாங்கும் மிதப்புச் சட்டையின், பட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தால் சிலிண்டர் முதுகில் நழுவுவதும் அப்போதுதான். பட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு கையகல டியூப் தகடு வைத்து இறுக்குங்கள், நழுவவே நழுவாது. அதோடு நைலான் பட்டையை நனைத்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும், காய்ந்த பட்டை தண்ணீரில் ஊறியதும் நீளும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பக்கவாட்டில் இன்னொரு சிலிண்டர் கொண்டுபோகிறவர்களுக்கு, அதன் குழாயைச் சிலிண்டர் மேலேயே மடித்துச் செருக இரண்டு பெரிய வளையம் வேண்டும். இதற்குச் சைக்கிள் டியூப் போதாது. சிலிண்டரின் சுற்றளவு 58 சென்டிமீட்டர், மூன்றில் இரண்டு பங்கு என்றால் 38, 39. அதாவது தட்டையாக வைத்தால் 19 சென்டிமீட்டருக்குப் பக்கம் வரும் டியூப். கார் டியூப் ஒத்துவரும், ஆனால் இப்போது பெரும்பாலான காருக்கு டியூப் இல்லாத டயர் வந்துவிட்டதால் பழைய வேன், சின்ன லாரி டயர் கழற்றுகிற கடையில் கேட்டுப் பாருங்கள். பெரிய லாரி டியூப் சிலிண்டரைச் சுற்றித் தளர்ந்தே நிற்கக்கூடும், வெட்டும் முன் அளந்துகொள்ளுங்கள். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் சைக்கிள் டியூபை நீளவாக்கில் பிளந்து நாடாவாக்கி, தேவையான அளவுக்கு வைத்து, இரு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரே முடிச்சாகப் போட்டு இழுங்கள். ரப்பர் ரப்பரைப் பிடிப்பதால் முடிச்சு லேசில் அவிழாது. முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை இரண்டு விரல்கடை விட்டு வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எதற்காகக் கட்டினோமோ அதையே இந்த நுனி கெடுத்துவிடும்.

இப்போது கட்டக் கூடாத இடங்கள். இதை நிதானமாகப் படியுங்கள், கட்டுவதைவிட இதுதான் எனக்கு முக்கியம்.

வெயிட் பெல்ட்டின் பூட்டு மேல் வளையம் போடாதீர்கள். நுனி அழகாக அடங்கும் என்று ஆசை வரும். ஆபத்தில் ஒரே இழுப்பில் ஈயத்தை உதற வேண்டிய பூட்டு அது. அதன் மேல் ரப்பர் இருந்தால், பதற்றத்தில் கை அதைத் தேடாது. நுனியை அடக்குகிறேன் என்று பூட்டைத் தாண்டி வேறு எங்கும்கூட அந்தப் பெல்ட்டை மடித்துக் கட்டக் கூடாது, அந்த ஒரு நுனி மட்டும் ஆடிக்கொண்டே இருக்கட்டும். அதே போல இடுப்புப் பட்டையின் பூட்டு, பிசிடிக்குள் காற்றை ஏற்றி இறக்கும் இன்ஃப்ளேட்டரின் இரண்டு பொத்தான்கள், காற்றை வெளியேற்றும் வால்வின் கயிறு, சிலிண்டர் வால்வின் திருகு, ரெகுலேட்டரின் முன்பக்கப் பொத்தான், எதன் மேலும் டியூப் ஏறக் கூடாது. இன்ஃப்ளேட்டர் குழாயைத் தோள் பட்டையோடு வைக்க ஒரு தளர்வான வளையம் போடலாம், ஆனால் குழாயைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான்.

ஆக்டோபஸ், அதாவது மற்றவருக்குக் கொடுக்க வைத்திருக்கும் கூடுதல் ரெகுலேட்டர், தனிக்கதை. காற்றுத் தீர்ந்த ஒருவர் உங்களை நோக்கி வரும்போது அவர் பிடுங்கப்போவது அதைத்தான். தாடைக்கும் விலாவின் இரு கீழ் ஓரங்களுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில், அவர் கண்ணில் படும்படி அது இருக்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். இதை டியூபில் கட்டினால் வாய்ப்பகுதியை வளையத்துக்குள் திணிக்காதீர்கள். மார்புப் பக்க டி-ரிங்கில் ஒரு வளையத்தை மாட்டி, ஆக்டோபஸுக்குக் கொஞ்சம் மேலே குழாயை வளைத்து, அந்த வளைவை மட்டும் அதற்குள் செருகுங்கள். யாராவது இழுத்தால் வளைவு நேராகி, தானே உருவிக்கொண்டு வரும். வீட்டில் யாரையாவது எதிரில் நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுக்கச் சொல்லுங்கள். நான் என் தங்கையை நிற்க வைத்து இழுக்கச் சொன்னேன், “அண்ணே, வரமாட்டேங்குது” என்று அவள் சொன்ன வளையத்தை எல்லாம் மாற்றினேன். பத்து இழுப்புக்குப் பத்தும் வர வேண்டும், ஒன்பது வந்தது என்றால் அது போதாது. கழுத்தில் வளையம் போட்டு இரண்டாவது ரெகுலேட்டரைத் தொங்கவிட்டு, வாயில் இருப்பதையே மற்றவருக்குக் கொடுக்கும் முறையில் பயிற்சி பெற்றவர்களுக்கு இது வேறு மாதிரி. அவர்கள் தங்கள் ஆசிரியர் சொன்னபடி வைத்துக்கொள்ளட்டும், இரண்டு முறையையும் கலக்க வேண்டாம்.

எல்லாம் கட்டியாயிற்று. நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், ஏனென்றால் நிற்கும்போது தொங்குவது எல்லாம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் நாம் குப்புறப் படுத்தல்லவா போகிறோம்? அதனால் சிலிண்டர் மட்டும் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கயிற்றுக்கட்டிலில் குறுக்காகக் குப்புறப் படுங்கள், நெஞ்சும் வயிறும் கட்டில் விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கட்டும், காலை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். தரையை நோக்கி எது தொங்குகிறதோ அதுதான் நாளைக்கு வலையில் மாட்டப்போவது. இன்னொருவரைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தால் இன்னும் தெளிவு. அப்படியே படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு டார்ச், கத்தி, கேஜ், மிதவைக் குழல் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வையுங்கள், முதலில் வலது கையால், அப்புறம் இடது கையால். எடுக்க முடிந்து திரும்பச் செருக முடியாமல் போனால் அந்த வளையம் ரொம்ப இறுக்கம்.

அடுத்த சோதனை தண்ணீரில், ஆனால் நேராக உவரிக் கடலுக்குப் போக வேண்டாம். பம்புசெட்டுத் தொட்டி இருந்தால் அதில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், நீச்சல் குளம் கிடைத்தால் இன்னும் நல்லது. நம் பக்கம் நீச்சல் பழகுவதே கிணற்றில்தான் என்பதால் கிணற்றில் இறங்கிப் பார்க்கத் தோன்றும். ஆழக் கிணறு வேண்டாம், உள்ளே மோட்டார்க் குழாயும் கயிறும் கம்பியும் எங்கே கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. கடலில் முதல் தடவை ஆழம் குறைந்த, தெளிவான நாளில் இறங்குங்கள். ஆனி ஆடியில் காற்று வீசி அடித்தண்ணீர் கலங்கிக் கிடக்கும்போது புதுக் கட்டு எதையும் சோதிக்கக் கூடாது, வளையம் நழுவினாலும் கண்ணுக்குத் தெரியாது.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. கருவியை நல்ல தண்ணீரில் அலசும்போது வளையங்களையும் சேர்த்து அலசி, வேப்பமர நிழலில் போட்டால் போதும். ஆனால் ஒன்று, கருவியை மூட்டை கட்டி வைக்கும் மாதங்களில் வளையங்கள் டார்ச் மேலும் பட்டை மேலும் இழுத்த நிலையிலேயே இருக்கக் கூடாது. கழற்றித் தளர்வாக ஒரு டப்பாவில் போடுங்கள், முன்னால் சொன்ன ஓசோன் வெடிப்பு இழுத்துப் பிடித்த ரப்பரில்தான் வரும். சீசன் தொடங்கும்போது ஒவ்வொன்றையும் மூன்று மடங்கு இழுத்துப் பார்த்து, மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இனாமாகக் கிடைக்கிற பொருளில் சிக்கனம் பார்க்க என்ன இருக்கிறது? கடலுக்குப் போகும்போது அஞ்சாறு வளையம் கூடுதலாகக் கொண்டுபோங்கள், கூட வருகிறவர் கட்டாயம் ஒன்று கேட்பார்.

வளையம் வெட்டியது போக மீதியையும் நான் எறிவதில்லை. இன்னொரு டியூபை நடுவில் பிளக்காமல் முழுசாகவே வைத்து, படகில் சிலிண்டர் கட்டப் பயன்படுத்துகிறேன். காற்று அடைத்த அலுமினியம் 80 ஒன்று 17 கிலோவுக்குப் பக்கம் வரும், ஃபைபர் படகு அலையில் ஏறி இறங்கும்போது அது உருண்டு காலில் விழுந்தால் அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது. சிலிண்டரைப் படுக்க வைத்து, வால்வு படகின் பக்கச் சுவரில் இடிக்காதபடி திருப்பி, குறுக்குப் பலகையோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, நன்றாக இழுத்து நுனியைச் சுற்றுக்கு அடியில் செருகிவிடுங்கள். முடிச்சு வேண்டாம், கேரியரில் கட்டுகிற அதே கட்டுதான். மவுத்துகளை மட்டும் சேர்த்து வைத்து அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அவருக்கு அது வேறு டியூபுக்கு ஆகும்.